பட்டன் இருந்தும் உரியும் டயர்: நெடுஞ்சாலைப் பயணத்துக்கு முன் செய்ய வேண்டிய முழுச் சோதனை

"பட்டன் நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஓடும்." டயர் கடையிலும் வீட்டு வாசலிலும் அடிக்கடி காதில் விழும் இந்த வாக்கியம்தான் என்னை இதை எழுத வைத்தது. பட்டன் என்பது தரையில் படும் ரப்பரின் மேடுபள்ள வடிவம். மழையில் வழுக்காமல் இருக்க பட்டன் ஆழம் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் மேல் ரப்பர் பாளமாக உரிந்து பறக்கும் ஆபத்தை பட்டன் ஆழம் தடுக்காது. குறைவாக ஓடி, பட்டன் தேயாமலே வயதாகிப்போன டயர்களிலும் இது நடக்கிறது. வாரநாள்களில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே நின்றுகொண்டிருந்துவிட்டு, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் குடும்பத்தையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் கார்கள் நம்மிடம் ஏராளம். இந்த வழிகாட்டி முதலில் அந்தக் கார்களுக்காக.

உரிவது எப்படி நடக்கிறது

இன்றைய கார்களில் இருக்கும் ரேடியல் டயரைக் குறுக்கே வெட்டினால், உள்ளே காற்றைக் கசியவிடாத மெல்லிய ரப்பர் படலம் தெரியும். அதன்மேல் பாலியெஸ்டர் நூலடுக்கு, அதன்மேல் எஃகுக் கம்பி பதித்த இரண்டு பெல்ட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே பட்டன். பெல்ட்டுகளுக்கும் பட்டனுக்கும் நடுவே நைலான் அடுக்கு ஒன்று வைத்த டயர்களும் உண்டு.

கம்பிகள் இரண்டு பெல்ட்டுகளிலும் எதிரெதிர்ச் சாய்வில் ஓடும். டயர் தரையில் அழுந்தி எழும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டின் ஓரங்களும் ஒன்றையொன்று இழுக்கும். 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 850 முறை சுழல்கிறது. அத்தனை முறையும் அந்த இழுபறி நடக்கிறது.

எஃகுக் கம்பியை ரப்பர் பிடித்துக்கொள்வது அதன்மேல் பூசிய பித்தளையால்தான். டயரை வேகவைக்கும்போது ரப்பரிலுள்ள கந்தகம் பித்தளையோடு வினைபுரிந்து இரண்டையும் பிணைக்கிறது. ஆனால் பெல்ட்டை அகலத்துக்கு வெட்டும்போது ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் வெறும் எஃகு வெளிப்படுகிறது. அந்த நுனியில் பித்தளை இல்லை, பிடிப்பும் இல்லை. ஆக, இழுபறி மிகுந்த ஓரமும் பிடிப்பற்ற நுனியும் ஒரே இடத்தில் அமைந்துவிடுகின்றன. விரிசல் பிறப்பது அங்கேதான். ஒரு நுனியின் விரிசல் பக்கத்து நுனியின் விரிசலோடு சேரும். பிறகு இரண்டு பெல்ட்டுகளுக்கும் நடுவே உள்நோக்கிப் பரவும். வெளியே எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில் இது நடக்கலாம்.

அந்த நிலையில் வேகம் கூடினால் என்ன ஆகும்? 100 கிலோமீட்டரில் பட்டனை வெளியே இழுக்கும் விசை அதன் எடையைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு. 100 கிராம் ரப்பர் 25 கிலோ கனத்தோடு பிய்த்துக்கொள்ளப் பார்க்கிறது. 120 கிலோமீட்டரில் அதுவே 36 கிலோ. பிடிப்பு விட்ட பகுதி ஓரிடத்தில் கிழிந்ததும் பட்டனும் மேல் பெல்ட்டும் சேர்ந்து உரிந்துபோகின்றன. பல நேரங்களில் கீழ் பெல்ட் அப்படியே இருக்கும், டயரில் காற்றும் இருக்கும். காற்று வெளியேறும் வெடிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இது.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது

இந்தக் கோளாறு உலகெங்கும் பேசப்பட்டது ஃபயர்ஸ்டோன் என்ற டயர் நிறுவனத்தின் விவகாரத்தால். 2000 ஆகஸ்ட் 9 அன்று ஏடிஎக்ஸ், ஏடிஎக்ஸ் 2, வைல்டர்னெஸ் ஏடி ஆகிய ரகங்களில், அப்போது ஓடிக்கொண்டிருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. இந்த டயர்கள் உரிந்த விபத்துகளில் அமெரிக்காவில் 270 பேருக்கு மேல் இறந்தார்கள். டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெப்ப மாநிலங்களில்தான் சம்பவங்கள் குவிந்தன.

அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 அக்டோபரில் தன் முடிவுகளை வெளியிட்டது. பெல்ட் ஓரங்களுக்கு நடுவே வைக்கும் ரப்பர் பட்டையின் அமைப்பு போதாமல் இருந்தது. சில ஆண்டுகள் ஓடிய பிறகே டயர்கள் பிரியத் தொடங்கின. பின் சக்கரத்தில் உரிந்தபோது வண்டி கட்டுப்பாட்டை இழப்பது அதிகமாக இருந்தது. இன்னொரு விஷயமும் விவாதமானது. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. டயர் நிறுவனம் பின்னர் சொன்னது 30. வெயில், வேகம், பாரம் மூன்றும் கூடும்போது அந்த 4 பிஎஸ்ஐ இடைவெளி சிறியதாக இருக்கவில்லை.

வயது, வெப்பம், காற்றுக் குறைவு, பாரம், பின் சக்கரம். கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்த ஐந்தைச் சுற்றியவைதான்.

படி 1: பிறந்த தேதியைப் படியுங்கள்

டயரின் பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. இது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சாகியிருக்கும். வெளிப்பக்கத்தில் காணவில்லை என்றால் காருக்கு அடியில் கைப்பேசி வெளிச்சத்தில் உட்பக்கத்தைப் பாருங்கள். நான்கு டயரையும் பாருங்கள், ஸ்டெப்னியை மறக்காதீர்கள். நான்கு டயரும் ஒரே நாளில் மாற்றியவைதான் என்று நினைத்திருப்போம். அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட மூன்று வருடம் மூத்ததாக இருக்கும்.

கார் ஓடாமல் நின்றாலும் டயருக்கு வயதாகிறது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட காற்றின் ஆக்சிஜன் ரப்பர் அடுக்குகளுக்குள் மெல்ல ஊடுருவி, பெல்ட் ஓர ரப்பரின் நெகிழ்ச்சியைக் குறைக்கிறது. வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது. அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பதிவுகளை ஆராய்ந்தபோது, டயர் சார்ந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 விழுக்காடு ஐந்து வெப்ப மாநிலங்களிலிருந்து வந்திருந்தன. அவற்றில் 84 விழுக்காடு ஆறு வயது தாண்டிய டயர்களுக்கானவை. நம் ஊர் வெயில் அரிசோனாவுக்கு இளைத்ததல்ல.

கார் நிறுவனங்கள் பலவும் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் சில, ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதித்துப் பத்தாண்டில் கட்டாயம் மாற்றச் சொல்கின்றன. என் கருத்து: தமிழ்நாட்டில் வெயிலில் நிற்கும் காருக்கு ஆறு ஆண்டு என்பதே எல்லை. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதற்குமேல் நெடுஞ்சாலைக்கு அந்த டயர் வேண்டாம்.

படி 2: கண்ணால் பார்ப்பதற்கு முன் கையால் பாருங்கள்

இந்தப் படிதான் உயிர் காக்கும், அவசரப்பட வேண்டாம். சமதரையில் காரை நிறுத்தி, கை பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் சற்றே தூக்குங்கள். காருக்கு அடியில் உடம்பின் எந்தப் பகுதியும் போகக் கூடாது. பின் சக்கரங்களைக் கையால் எளிதாகச் சுழற்ற முடியாவிட்டால் டயர் கடையின் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

தடித்த துணிக் கையுறை போட்டுக்கொண்டு, உள்ளங்கையைப் பட்டன்மேல் விரித்து வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல டயரில் கைக்கடியில் மேடு பள்ளம் தட்டாது. பெல்ட் பிரியத் தொடங்கிய இடத்தில் ஒரு மேடு கையைத் தூக்கும். அந்த மேடு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாமல் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாதது உள்ளங்கைக்குத் தெரியும். பிறகு பட்டனும் பக்கச்சுவரும் சேரும் தோள்பட்டைப் பகுதியை விரல் நுனிகளால் சுற்றிலும் தடவுங்கள். பிரிவு தொடங்குவது அதற்கு நேர் உள்ளேதான். அங்கே வீக்கமோ, சுற்றோட்டமாக ஓடும் விரிசலோ, ஓரிடத்தில் மட்டும் மென்மையோ இருந்தால் அந்த டயரில் இனி பயணம் கூடாது.

அடுத்தது கண். ஒரு பெஞ்சு உயரத்துக்குக் குனிந்து, சுழலும் பட்டனின் பள்ளக் கோடுகளைப் பாருங்கள். கோடு நேராக ஓடாமல் ஓரிடத்தில் பாம்புபோல் நெளிந்தால் அடியிலுள்ள பெல்ட் நகர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் பட்டன் அதிகமாகத் தேய்ந்திருப்பதும் அதே அறிகுறிதான்; உள்ளிருந்து தூக்கிய பகுதி தரையில் கூடுதலாக உரசுகிறது.

பள்ளங்களுக்குள் தெரியும் 1.6 மில்லிமீட்டர் உயரத் தேய்மான மேடுகளைப் பட்டன் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இது எல்லாரும் அறிந்ததுதான். பக்கச்சுவரில் முட்டை வடிவ வீக்கம் இருந்தால் குழியில் விழுந்து உள்நூல் அறுந்திருக்கிறது. அதையும் மாற்றுங்கள்.

படி 3: காற்று

கோடையில் காற்றைக் குறைத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வெடித்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. தயவுசெய்து இதைக் கைவிடுங்கள். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாக மடங்கும். மடங்கி நிமிர்வதால்தான் டயரின் பெரும்பகுதிச் சூடு பிறக்கிறது. நாம் குறைத்த காற்றே டயரைக் கொதிக்க வைக்கிறது. சூட்டில் அழுத்தம் சில பிஎஸ்ஐ ஏறுவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் டயரையும் வடிவமைக்கிறார்கள், பரிந்துரை அளவையும் வைக்கிறார்கள்.

சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கும். முழுப் பாரத்துக்கு அதில் தனி அளவு இருந்தால், ஊருக்குப் போகும்போது அதுவே உங்கள் அளவு. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அதைப் பிடிக்கக் கூடாது.

அளக்க வேண்டியது குளிர்ந்த டயரில், அதாவது கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு. வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ ஏறும். மதியம் நெடுஞ்சாலை பங்க்கில் நின்று, 38 காட்டுகிறதே என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயர் பட்டினியாக இருக்கும். ஆகவே சொந்தமாகக் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். பஞ்சர் இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில் தானாகக் குறையும். நான்கு மாதம் நின்ற கார் எந்த நிலையில் கிளம்புகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். ஃபயர்ஸ்டோன் விவகாரத்துக்குப் பிறகு அமெரிக்கா கட்டாயமாக்கிய விதிப்படி, பரிந்துரை அளவிலிருந்து 25 விழுக்காடு குறையும்போது விளக்கு எரிந்தால் போதும். 33 பிஎஸ்ஐ கேட்கும் டயர் 25க்கு அருகே வரும்வரை அப்படிப்பட்ட விளக்கு பேசாமல் இருக்கலாம். சேதம் அந்த இடைவெளியிலேயே தொடங்கிவிடலாம்.

நைட்ரஜன் பிடிப்பது கெடுதல் இல்லை. ஆக்சிஜன் குறைவதால் முதுமை சற்றுத் தாமதமாகலாம். ஆனால் அதைப் பிடித்துவிட்டு மாதாந்தர அளவெடுப்பை விட்டுவிட்டால் நட்டம்தான்.

படி 4: பாரமும் வேகமும்

டயரில் அளவுக்குப் பின்னால் 88 எச் என்பது போல ஒரு குறியீடு இருக்கும். 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோ. டி (T) என்ற எழுத்துக்கு வேக வரம்பு மணிக்கு 190 கிலோமீட்டர், எச் (H) என்ற எழுத்துக்கு 210. இந்த எண்கள் சரியான காற்றோடு இருக்கும் நல்ல டயருக்கு உரியவை. எட்டு வயதான, காற்று குறைந்த டயருக்கு அந்த எழுத்து எந்த உத்தரவாதமும் தராது. மாற்றும்போது காருக்குக் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். ஏழு இருக்கை வண்டியில் ஏழு பேரையும் ஏற்றிக் கூரையிலும் சுமை கட்டினால் அதிக பாரம் பின் டயர்களுக்குப் போகிறது. உரிந்தால் ஆபத்து மிகுந்ததும் அந்தப் பின் டயர்தான்.

படி 5: பஞ்சர் வரலாறு

ஆணி குத்திய துளை வழியே காற்றும் ஈரமும் எஃகு பெல்ட்டுக்குப் போகின்றன. வெளியிலிருந்து குச்சி சொருகி அடைத்தால் காற்று நிற்கும், ஆனால் உள்ளே என்ன ஆனது என்று தெரியாது. அது அடுத்த டயர் கடைவரை போவதற்கான ஏற்பாடு. டயரைக் கழற்றி, உள்ளே பார்த்து, துளையையும் உட்பரப்பையும் சேர்த்து அடைக்கும் மஷ்ரூம் பேட்சை உள்ளிருந்து போடுவதே முறை. துளை ஆறு மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, தோள்பட்டையிலோ பக்கச்சுவரிலோ இருந்தாலோ ஒட்டக் கூடாது.

டயரைக் கழற்றும்போது அருகில் நில்லுங்கள். உள்ளே கரும்பொடி கொட்டினால், அது காற்றில்லாமல் ஓடியதில் பக்கச்சுவர் அரைபட்ட ரப்பர். "பஞ்சர் போட்டுத் தருகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னாலும் அந்த டயரை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படி 6: புதிதாக வாங்கும்போது

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழைய சரக்கை நான் வாங்க மாட்டேன். கேட்டால் வேறு எடுத்துத் தருவார்கள். நெடுஞ்சாலையில் ஓடும் காருக்குப் பழைய டயரும், பழைய டயரில் புதுப் பட்டன் ஒட்டிய ரீட்ரெட் டயரும் வேண்டவே வேண்டாம். பழைய டயரின் பட்டனைப் பார்க்கலாம், அது எத்தனை நாள் காற்றில்லாமல் ஓடியது என்பதைப் பார்க்க முடியாது.

இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின் சக்கரத்துக்குப் போக வேண்டும், முன்சக்கர இயக்கக் காராக இருந்தாலும் சரி. "இழுக்கிற சக்கரத்துக்குத்தான் புதுசு" என்று சொல்பவர்கள் உண்டு. முன் டயர் பிடிப்பை இழந்தால் ஸ்டியரிங்கில் தெரியும், வேகம் குறைத்தால் கார் வழிக்கு வரும். பின் டயர் பிடிப்பை இழந்தால் காரின் வால் சுழலும். அனுபவசாலிக்கும் அதைத் திருத்த நேரம் கிடைப்பதில்லை.

படி 7: ஓடும்போது கேட்க வேண்டியவை

பேலன்சிங், அதாவது எடைச் சமன், குறைந்த சக்கரம் 80 கிலோமீட்டருக்கு மேல் ஸ்டியரிங்கை நடுக்கும், மெதுவாகப் போகும்போது அமைதியாகிவிடும். பெல்ட் பிரியும் டயர் 30, 40 கிலோமீட்டரிலேயே "தப், தப்" என்று தட்டும்; காரின் வேகத்தோடு தட்டலும் விரையும். முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கில் தெரியும், பின் சக்கரம் என்றால் இருக்கையிலும் தரையிலும் தெரியும். நேற்று இல்லாத அதிர்வு இன்று வந்திருந்தால், பேலன்சிங் செய்த பிறகும் போகாவிட்டால், நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் வலுத்துக்கொண்டே வந்தால், பெல்ட் பிரிகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உளுந்தூர்ப்பேட்டை தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். வேகத்தை 50க்குக் குறைத்து, பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்தி, படி 2இல் சொன்னபடி டயரைப் பாருங்கள். ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், கவனம். மற்ற மூன்றைவிட ஒன்று தொட முடியாத அளவு சுட்டால் அதுவும் சாட்சிதான்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஓட்டுநர்களை ஒரு பெரிய சிமுலேட்டரில் உட்காரவைத்து டயர் உரிவதைச் சோதித்தது. உரியப் போகிறது என்று முன்கூட்டியே அறிந்திருந்தவர்கள் கட்டுப்பாட்டை இழப்பது குறைவாக இருந்தது. அந்தத் தட்டலை அடையாளம் தெரிந்துவைத்திருப்பதன் பயன் இதுதான்.

படி 8: உரிந்துவிட்டால்

சத்தம் பயங்கரமாக இருக்கும். உரிந்த பட்டை சக்கர வளைவின் தகட்டை அடித்துக் கிழிக்கும். அந்த நொடியில் கால் தானாக பிரேக்குக்குப் போகும். அதைத் தடுப்பதுதான் முதல் வேலை. பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னே சாய்ந்து, ஏற்கெனவே பிடிப்பிழந்த பின் சக்கரம் இன்னும் லேசாகிவிடும்.

ஸ்டியரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடித்து, காரை நேராக வைத்திருக்கும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல் மெல்ல மெல்ல விடுங்கள். க்ரூஸ் கன்ட்ரோல் போட்டிருந்தால் நிறுத்துங்கள். கார் நேராகி, வேகம் 50க்குக் கீழே இறங்கிய பிறகு ஹசார்டு விளக்கைப் போட்டு, இடதுபுறம் படிப்படியாக ஒதுங்கி, மெல்ல பிரேக் பிடித்து நிறுத்துங்கள். ரிம் கெட்டுவிடுமே என்று நடுச்சாலையில் நிற்காதீர்கள்.

பின் இருக்கையிலும் எல்லாரும் பெல்ட் போட்டிருக்க வேண்டும். கட்டுப்பாடு இழந்த கார் உருளும்போது பெல்ட் போடாதவர் வெளியே தூக்கி எறியப்படுகிறார். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு 100 கிலோமீட்டரில் போவதை இன்றோடு நிறுத்துங்கள்.

படி 9: நின்ற பிறகு

எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியே இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்கட்டும். எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்கு வெகுதூரம் பின்னால் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அழைத்தால் உதவி வண்டி வரும். காயம் இருந்தால் 108. வலப்பக்கச் சக்கரம் என்றால், லாரிகள் உரசிப் போகும் இடத்தில் நீங்களே குனிந்து மாற்ற வேண்டாம், உதவி வரும்வரை காத்திருங்கள்.

ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சிறியதாக இருந்தால், 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று அதிலேயே எழுதியிருக்கும். ஸ்டெப்னியின் வயதும் காற்றும் படி 1இலும் படி 3இலும் பார்த்தவை. அப்போது பார்க்கவில்லை என்றால் இப்போது அதை நம்பி வேகமாகப் போகாதீர்கள்.

உரிந்த டயரைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். தேதிக் குறியீடும் பிரிந்த பெல்ட்டும் தெரியும்படி படம் எடுங்கள். கழன்ற பட்டை ஆபத்தில்லாமல் எடுக்கும் தூரத்தில் கிடந்தால் அதையும் எடுத்துவையுங்கள். உத்தரவாதம் கேட்கவும் காப்பீட்டுக்கும் அவை தேவைப்படும். பிறகு மீதி மூன்று டயர்களின் நான்கு இலக்கங்களையும் உரிந்ததன் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே வாரத்தில் தயாராகி, ஒரே வெயிலில் நின்று, ஒரே குறைந்த காற்றில் ஓடிய டயர்களில் ஒன்று உரிந்திருந்தால், மற்றவற்றையும் கழற்றிச் சோதிக்காமல் அடுத்த நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.